மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள் ஆற்றல் எடுக்கும் விதத்துக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. ஆனால் எல்லா மனச்சோர்வுக்கும் அதுவே காரணம் என்பவரை நம்ப வேண்டாம்.

மூளைக்குக் காவல் இருப்பவை மைக்ரோக்ளியா செல்கள். சாதாரண நேரத்தில் அவை ஆக்சிஜனைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் நிதானமாக ஆற்றல் எடுக்கின்றன. பாக்டீரியா நச்சு போன்ற அபாயக் குறி கிடைத்ததும், குளுக்கோஸை அவசரமாக உடைத்து லாக்டேட்டாக்கும் வழிக்குத் தாவுகின்றன. கிடைக்கும் ஆற்றல் சொற்பம், வேகம் அதிகம். இவற்றின் உறவுக்காரர்களான மேக்ரோஃபேஜ் செல்களில், அப்போது தேங்கும் சக்சினேட் என்ற வேதிப்பொருள் இன்டர்லூகின்-1 பீட்டா என்னும் அழற்சிப் புரதத்தைப் பெருக்குவது தெரியவந்துள்ளது.

அழற்சி நீடித்தால் டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலமும் திசைமாறுகிறது. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனினுக்கு மூலப்பொருளான அதை ஐடிஓ நொதி கைனூரெனின் பாதைக்குத் திருப்புகிறது. அந்தப் பாதையில் மைக்ரோக்ளியா, நரம்புச் செல்களுக்கு நஞ்சாகக்கூடிய குவினோலினிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா ஊசி போட்டுக்கொண்டவர்களில் கணிசமானோர் மனச்சோர்வுக்கு ஆளானார்களே, என்னைக் கேட்டால் அதுதான் வலுவான சான்று.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் போதுமா? 2013இல் வெளியான சோதனையில், வழக்கமான மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 60 பேரிடம் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தைச் சோதித்தார்கள். மொத்தத்தில் அது போலி மருந்தை விஞ்சவில்லை. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதத்தின் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலனுக்கான அறிகுறி தெரிந்தது.