மைக் பிடிப்பவன்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறோம். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. அதில் 18,000 கேமரா வாடகைக்கே போய்விடும். வேலை எல்லாம் நண்பர்களே, சம்பளம் கிடையாது. வசனத்தை அப்புறம் டப்பிங்கில் பார்த்துக்கொள்வோம். எந்தக் கேமரா எடுக்கலாம்? முடித்ததும் விழாக்களுக்கு அனுப்புவதா, யூடியூபில் போடுவதா?

செ.

அன்புள்ள செ.,

ஐந்து பேரில் ஒருவரிடமாவது நல்ல போன் இருக்கும், அது போதும். விழாவையும் யூடியூபையும் படம் முடிந்தபிறகு யோசியுங்கள்.

‘அப்புறம் டப்பிங்கில்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். சமீபத்தில் ஒரு போட்டிக்காகக் குறும்படங்களை வரிசையாகப் பார்த்தேன். காட்சியெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஆள் வாயைத் திறந்தால் ஃபேன் இரைச்சல், இல்லாவிட்டால் உயிரில்லாத டப்பிங், அதை மூட இசை. படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். தெருவில் நின்று உங்கள் நண்பன் ஒருமுறை அழுதுவிட்டான். ஒரு மாதம் கழித்து அவனை ஓர் அறையில் அடைத்து, உதட்டசைவைப் பார்த்து மறுபடி அழச் சொல்வீர்களா?

அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் ‘எல் மரியாச்சி’ படத்தை (1992) ஏறக்குறைய 7,000 டாலரில் எடுத்தார். கேமராவோடு சேர்த்து ஒலி பதிய வழியில்லை. ஷாட் முடிந்த கையோடு, அதே இடத்தில் நடிகர்களை மறுபடி பேசவைத்து டேப் ரெக்கார்டரில் பிடித்துக்கொண்டார். பணமில்லாதவர்தான் இத்தனை மெனக்கெட்டார்!

காலர் மைக் வாங்குங்கள். அதுவும் முடியாதா, இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு நடிகரின் சட்டைப்பையில் வையுங்கள். டேக் தொடங்கும்போது கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டினால், அந்தச் சத்தத்தை வைத்து எடிட்டிங்கில் ஒலியையும் காட்சியையும் பொருத்திக்கொள்ளலாம். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் அணையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் எல்லோரும் பேசாமல் நின்று, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டு விழும் இடங்களில் சத்தம் திடீரென்று அறுபடாமல் அதுதான் காப்பாற்றும்.

என் முதல் படத்தில் பள்ளித் தோழன் ஒருவன் ஒட்டடைக் கம்பில் மைக்கைக் கட்டி, பகல் முழுக்கத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவன். “பஸ் சத்தம் விழுந்துட்டு, இன்னொரு தடவ” என்பான். நடிகர்கள் முறைப்பார்கள், அவன் விடமாட்டான். படத்தில் இன்றும் கேட்கும்படி இருப்பதெல்லாம் அவன் தயவு. இரண்டாம் நாள் ஷிப்டை விட்டுவிட்டு வந்தான். அந்தக் கூலியை எல்லோரும் பங்கு போட்டுக் கொடுத்தோம்.

‘சம்பளம் கிடையாது’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள் தம்பி! கேமராவுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் வேளாவேளைக்குச் சாப்பாடு, பஸ் செலவு, கூலி இழப்பவருக்குக் கூலி. பிறகு மைக். மீதி இருந்தால் லென்ஸைப் பற்றிப் பேசுவோம்.

ஐந்து பேரில் யார் மைக் பிடிக்கப்போகிறார் என்பதை முடிவுசெய்துவிட்டு எழுதுங்கள்.