லொட லொட சத்தத்துக்கு முப்பத்தெட்டாயிரமா?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல் இருக்கிறது. 1,62,000 கி.மீ. ஓடிவிட்டது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முன்பக்கம் லொட லொட என்று சத்தம். பிரேக் பிடித்தால் அடியில் ‘தட்’ என்று ஒரு அடி. இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. பின்னால் டிக்கிப் பக்கமும் ஏதோ உருள்கிற மாதிரி சத்தம் வருகிறது. வீல் அலைன்மென்ட் கடையில் நான்கு ஷாக், இரண்டு லோயர் ஆர்ம், லிங்க் ராட், டை ராட் எண்ட், அப்புறம் கேம்பர் கரெக்‌ஷன் என்று எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் மெக்கானிக்கோ ரீகண்டிஷன் ஷாக் போட்டால் பாதிச் செலவுகூட ஆகாது என்கிறார். வண்டியைத் தள்ளிவிடு என்கிறார் மச்சான். என்ன செய்யட்டும்?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: அந்தப் பட்டியலை அப்படியே செய்யாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும். இவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் ஷாக் பற்றிய பேச்சு. கேம்பர் கரெக்‌ஷன் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சின்னப் பள்ளம், மெதுவான வேகம், லொட லொட என்றாலே ஸ்விஃப்ட்டில் முதலில் லிங்க் ராடைத்தான் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்துக்குப் பின்னால், ஷாக்கையும், திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரையும் இணைக்கிற விரல் கனத்துக் கம்பி அது. இரண்டு முனையிலும் சின்னக் குண்டு மூட்டு இருக்கும். அந்த மூட்டு லூஸானால் போடும் சத்தம், அதன் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிதாக இருக்கும். மெக்கானிக்குக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டுத் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று போய்வரச் சொல்லுங்கள். திருப்பத்தில் வண்டி சாயும், அதனால் வேகம் கூடாது. சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அகப்பட்டது. நல்ல பிராண்டில் ஜோடி இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற சாமான் இது. அலைன்மென்ட் கடைப் பட்டியலில் இது மட்டும் தனியாக வராது, பெரிய சாமான்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டுதான் வரும். லிங்க் ராடை மாற்றி அனுப்பிவிட்டால் சத்தம் நின்றுவிடும், மீதிச் சாமானை எப்படி விற்பது?

பிரேக் பிடித்தால் வரும் ‘தட்’ வேறு கதை. சக்கரத்தை வண்டியின் அடிப்பக்கத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம். அதன் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரமே லேசாகப் பின்னுக்கு நகர்ந்து இடிக்கும், காலை எடுத்தால் முன்னுக்கு வரும். சக்கரம் இப்படி நகரும்போது அதன் கோணமும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்புகிறது. உங்கள் டயர் உள்பக்கம் தேய்வதற்கு இதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டீசல் வண்டிக்கு முன்பக்க எடை கூடுதல், அதனால் பெட்ரோல் ஸ்விஃப்ட்டைவிட இந்த புஷ் சீக்கிரம் போகும். 1,62,000 கி.மீ. ஓடியும் பழைய ஆர்மே இருக்கிறது என்றால் புஷ்ஷை மட்டும் அழுத்தி ஏற்றும் வேலை வேண்டாம். ஆர்மின் முனையில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட்டோடு முழு ஆர்மாக, இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புது ஆர்மை வண்டி ஜாக்கியில் இருக்கும்போதுதான் மாட்டுவார்கள், சரி. ஆனால் புஷ் போல்ட்டை அங்கேயே, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, கடைசி வரை முடுக்கிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே இறுகிவிடும். வண்டியைக் கீழே இறக்கினால் ரப்பர் பிழிந்த துண்டு மாதிரி முறுகி நிற்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டை லேசாகப் பிடித்து வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுக்கச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்த பிறகு கடைசி முடுக்கு கொடுக்க வேண்டும். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்பார்கள். ஆறு மாதம் கழித்துப் புஷ் போனதும் “பார்ட்ஸ் சரியில்ல சார்” என்பதும் அவர்களேதான். அதேபோல லிங்க் ராட் நட்டை ஏர் கன் வைத்து அடிக்கவும் விடாதீர்கள். மூட்டு உள்ளே சுழன்று ரப்பர் உறை கிழிந்துவிடும். கையால் முடுக்குவதற்கு என்ன கேடு?

இனி சத்தத்தைவிட முக்கியமானது. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனை மூட்டு) இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. சோதிப்பது ஐந்து நிமிட வேலை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் பால் ஜாயின்ட். அடுத்து இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரிந்துவிடும். இவற்றில் ஆட்டம் இருந்தால் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்காமல் அன்றே மாற்றுங்கள். ஆட்டம் இல்லையென்றால் டை ராட் எண்டைப் பட்டியலில் இருந்து அடித்துவிடலாம். சொந்தக் காருக்குப் பதிவுசெய்த நாளிலிருந்து பதினைந்து வருடம் யாரும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை. புகைச் சான்றிதழுக்கு மட்டும் விரட்டுவார்கள். சக்கரம் கழன்று விழுகிற நிலையில் இருந்தாலும் அந்தச் சான்றிதழ் இருந்தால் போதும், இந்த ஊர் சட்டத்துக்கு எல்லாம் சரி.

இப்போது கேம்பருக்கு வருகிறேன். நிமிர்ந்து நிற்க வேண்டிய சக்கரம் உள்ளே வெளியே எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்ற அளவுதான் கேம்பர். உங்கள் வண்டியில் கம்பெனி இதற்கென்று திருகி மாற்றுகிற வசதி எதையும் வைக்கவில்லை. முன்னால் டோ என்கிற அளவை, அதாவது சக்கரத்தின் முகம் உள்ளே வெளியே எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பதை மட்டும் டை ராடில் மாற்றலாம். பின்னால் ஒரே தண்டாக டார்ஷன் பீம், அதில் திருக ஒன்றுமே இல்லை. அப்படியானால் கேம்பர் கரெக்‌ஷன் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்? ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றைச் சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் நடுவில் கொடுத்து, இரும்பை வளைக்கிறார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், பட்டப்பகலில், உங்கள் கண் முன்னால், நல்ல ஷாக்கின் காலை வளைத்துவிட்டுத் திரையில் சிவப்பாக இருந்த எண்ணைப் பச்சையாக்கிக் காட்டுகிறார்கள். பச்சையைப் பார்த்ததும் நாமும் திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

கேம்பர் தானாக மாறாது. ஆர்ம் வளைந்திருக்க வேண்டும், புஷ் தேய்ந்திருக்க வேண்டும், ஷாக் வளைந்திருக்க வேண்டும், இல்லை ஸ்பிரிங் தாழ்ந்திருக்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு நல்லதாக இருக்கும் இன்னொரு சாமானை வளைத்துக் கணக்கை நேர் செய்வதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. இன்னொன்று, தேய்ந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்வதே வீண். மெஷின் மேல் ஒரு அளவு காட்டும், ரோட்டில் முதல் பிரேக்கிலேயே அது மாறிவிடும். உங்களிடம் சாமான் மாற்றும் முன் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை என்று இரண்டு அலைன்மென்ட்டுக்குப் பில் போட்டிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். மெஷினை வாங்கிப் போட்டு போர்டு மாட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் ‘நிபுணர்’ ஆகலாம் என்று விட்டு வைத்திருக்கிறோமே!

ஷாக். நான்கும் போய்விட்டது என்று வண்டியைப் பார்த்த உடனே சொன்னால் நம்பாதீர்கள். தண்டில் லேசான எண்ணெய்ப் பூச்சும் தூசியும் இருந்தால் பயமில்லை. எண்ணெய் ஈரமாக வழிந்து கீழே வரைக்கும் வந்திருந்தால் போய்விட்டது. மேட்டில் ஏறி இறங்கிய பின் வண்டி ஒரு தடவைக்கு மேல் குதித்துக்கொண்டே இருந்தாலும், டயரைத் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டாலும் ஷாக்தான். பானட்டை அழுத்திவிட்டுப் பார்க்கும் வித்தை, முழுக்கச் செத்துப்போன ஷாக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். முன் ஷாக் மாற்றுவதாக இருந்தால் மேலே இருக்கும் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை எல்லாவற்றையும் சேர்த்தே புதிதாகப் போடுங்கள். கழற்றும் கூலி ஒன்றுதான்.

ஷாக்கை ஜோடியாக மாற்ற வேண்டும் என்பது விதி. முன்னால் என்றால் முன்னால் இரண்டு, பின்னால் என்றால் பின்னால் இரண்டு. இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் பாதிச் சண்டை நடக்கிறது. சமீபத்தில், சொல்லப்போனால் கடந்த இருபதாயிரம் கி.மீ.க்குள், இரண்டும் புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் குழியில் விழுந்து வளைந்துவிட்டது. அப்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் அதே பிராண்டாக, அதே பார்ட் நம்பராக இருக்க வேண்டும். முன் ஷாக்கில் இடது வேறு வலது வேறு, அதையும் பார்த்து வாங்க வேண்டும். மிச்சமிருக்கும் ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் இந்த விலக்கு செல்லாது. அது ரீகண்டிஷனாக இருந்தாலும் செல்லாது. விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்கிறீர்கள் என்றால், சர்வேயர் அடிபட்ட பக்கத்தை மட்டும்தான் எழுதுவார். மற்றது உங்கள் கைக்காசு. அடிபட்டது ஒன்று என்றாலும் வண்டிக்குத் தேவை இரண்டு என்பது அவர் படிவத்தில் இல்லை. அந்தக் கைக்காசைச் சேமிக்க ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் 1,62,000 ஓடிய பழசு என்று போட்டால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உங்கள் வண்டிக்கு இந்த விலக்கு பொருந்தாது.

ரீகண்டிஷன் ஷாக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய ஷாக்கைத் திறந்து, கிடைத்த எண்ணெயை ஊற்றி, சீலை மாற்றி, கறுப்புப் பெயின்ட் அடித்தால் அது ரீகண்டிஷன். உள்ளே தேய்ந்த வால்வும் தண்டும் அப்படியேதான் இருக்கும். அப்பாவிக்குப் புதிது மாதிரிதான் தெரியும். அந்தக் காசுக்கு மாற்றாமலே ஓட்டலாம். கேப்ரியல், மன்ரோ போன்ற பிராண்டுகள் கம்பெனி பார்ட்டைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கும், அவை போதும். ஸ்பிரிங் இடுக்கில் ரப்பர் துண்டு செருகி ‘ஹைட் ஏத்தித் தர்றோம்’ என்பவரிடமும் காது கொடுக்காதீர்கள்.

சாமானை நீங்களே வாங்குங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடைக்காரர் முதலில் உங்கள் மெக்கானிக் யார் என்றுதான் கேட்பார். அவருக்குப் போகும் பங்கு உங்கள் பில்லில்தான் ஏறும். திண்டுக்கல்லிலும் வேறு மாதிரி இருக்க வாய்ப்பில்லை. பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி. லேபிளும் உள்ள பெட்டியாக, உங்கள் பெயரில் பில்லோடு வாங்குங்கள். “பில் போட்டா ஜி.எஸ்.டி. 28 சதவீதம் ஏறும் சார்” என்று யாராவது பயமுறுத்தினால், 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா உதிரிபாகங்களுக்கும் 18தான் என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அது பெயின்ட் அடித்து இன்னொருவர் வண்டியில் ஏறும்.

மச்சான் சொல்வதையும் யோசித்துப் பார்த்தேன். 2013 வண்டி, ஆர்.சி. 2028 வரை இருக்கிறது. இஞ்சினும் கிளட்சும் நன்றாக இருந்தால் இந்த வேலைக்குப் பயந்து விற்காதீர்கள். சத்தத்தோடு விற்றால் வாங்குபவர் செலவைவிட இரண்டு மடங்கு குறைத்துக் கேட்பார். விற்கத்தான் போகிறீர்கள் என்றால் லிங்க் ராடும் ஆர்மும் மட்டும் மாற்றிவிட்டு விலை பேசுங்கள். புது ஷாக்குக்கு யாரும் கூடுதலாகத் தரமாட்டார்கள். ஓட்டப் போகிறீர்கள் என்றால் இப்போது இந்த இரண்டு, ஷாக் கசிந்தால் பிறகு ஜோடியாக. பிரித்துச் செய்வதில் தவறே இல்லை, கடைசியில் ஒரு அலைன்மென்ட் மட்டும் போதும்.

இத்தனை மாற்றியும் நம் வேகத்தடைகள் இருக்கும்வரை மறுபடி போகத்தான் போகிறது. சாலைக்கு விதி வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி 10 செ.மீ. உயர வளைவான வேகத்தடைக்குச் சில மீட்டர் அகலம் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் இருப்பதை ஒருநாள் அளந்து பாருங்கள். ஒரு முழ அகலத்தில் திண்ணை கட்டி வைத்திருப்பார்கள்.

டிக்கியில் உருளும் சத்தத்துக்கு யாரிடமும் காட்டும் முன் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியின் திருகையும் ஜாக்கியையும் இறுக்கிப் பாருங்கள். அதற்கும் ஒரு ஜோடி பின் ஷாக் எழுதிவிட்டார்கள்.