ஆணியே இல்லாத மரக்கீற்றுப் படகில் தண்ணீர் எப்படிப் புகாமல் இருக்கிறது?

கேள்வி கேனோ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகு) பற்றியது: கால் அங்குலக் கனமுள்ள கீற்றுகளை ஒட்டினால் மட்டும் போதுமா, வீட்டுப் பட்டறையில் முடியுமா?

முடியும். ஆனால் தண்ணீரைத் தடுப்பது மரமோ பசையோ இல்லை. கீற்றுகளுக்கு நடுவே போடும் பசை, உருவம் கலையாமல் பிடித்து வைக்கத்தான். உள்ளும் புறமும் எபாக்ஸியில் (கலந்து பூசினால் இறுகிவிடும் பிசின்) ஊறிய ஃபைபர்கிளாஸ் துணி, அதாவது கண்ணாடி இழைத் துணி, ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் காவல். இரண்டு தோலுக்கு நடுவில் மரம் இருப்பதால்தான் 16 அடிப் படகும் சுமார் 25 கிலோவில் அடங்குகிறது.

வேலை இப்படி: நேரான மேடைமேல் அடிக்கு ஒன்றாக, படகின் குறுக்கு வடிவத்தில் வெட்டிய அச்சுப் பலகைகளைக் கவிழ்த்து நிறுத்துவார்கள். முக்கால் அங்குல அகலமுள்ள சிடார் (லேசான ஒரு மரம்) கீற்றுகளை அவற்றின்மேல் வளைத்து ஒட்டி, ஸ்டேப்பிள் பின் அடித்துத் தற்காலிகமாகப் பிடிப்பார்கள். பசை காய்ந்ததும் அந்தப் பின்களையெல்லாம் பிடுங்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருக்கும், பொறுமை போய்விடும்! அப்புறம் இழைப்புளி, உப்புத்தாள். சிடார் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி அவசியம்.

பலரும் சறுக்குவது எபாக்ஸியில்தான். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். வெப்பம் இறங்கும் மாலையில் பூசுங்கள். காற்று சுருங்கி, எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வார்னிஷ் கட்டாயம். அது இல்லாவிட்டால் எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகி உதிர ஆரம்பித்துவிடும்.

சரி, இடம்? படகின் நீளத்தோடு சுற்றிவர மூன்றடி விட்டால் போதும். வாசல் வழியாகப் படகு வெளியே வருமா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.