மலைக் குளிரில் கடல் சாமந்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடல் சாமந்தி (சீ அனிமோன்) பூ இல்லை; உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கும் கடல் உயிரினம். வாயைச் சுற்றி விரல் போன்ற நீட்சிகள் இருக்கும். அந்த விரல் நுனி குமிழாக உப்பும் வகைதான் பபிள் டிப்.

கேள்வி: என் பபிள் டிப் சாமந்தி தினமும் காலையில் சுருங்கிப் பந்து போலக் கிடக்கிறது. மதியத்துக்கு மேல்தான் விரிகிறது. நோயா சார்? (ஊட்டி)

பதில்: சாமந்தி அவ்வப்போது சுருங்கும். பழுப்பு நூல் போலக் கழிவைத் துப்பிவிட்டுச் சில மணி நேரத்தில் மறுபடி உப்பும். அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் தினமும், அதுவும் காலையில் மட்டும் என்றால் முதலில் குளிரைத்தான் சந்தேகப்படுவேன். நாளை விடியற்காலை 5 மணிக்கு எழுந்து தொட்டிக்குள் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஹீட்டர் விளக்கு எரிந்துகொண்டே இருந்து, தண்ணீர் மட்டும் 22 டிகிரியில் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. அதற்கு வேண்டியது 25, 26.

லிட்டருக்கு ஒரு வாட் என்பது சமவெளிக் கணக்கு. சென்னையில் தொட்டியைக் குளிர்விக்கச் சில்லர் வாங்குகிறார்கள். நமக்கோ ஜனவரியில் புல்வெளியே வெள்ளையாக உறைகிறது. 200 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர் இரண்டு போடுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். தொட்டியின் பின்புறமும் பக்கவாட்டிலும் தெர்மோகோல் ஒட்டினால் இன்னும் நல்லது.

கேள்வி: தண்ணீர் மாற்றிய மறுநாள் சாமந்தி சுருண்டுவிட்டது. நத்தைகளும் கண்ணாடியிலிருந்து விழுந்து கிடக்கின்றன. (குன்னூர்)

பதில்: நத்தையைச் சொன்னதற்கு நன்றி. அதுதான் வழி காட்டுகிறது. குழாய்த் தண்ணீர் கை விறைக்கும் குளிர் என்பதால் கீசர் தண்ணீரில் உப்பைக் கரைத்தீர்களா? பல கீசர்களில் சூடேற்றும் கம்பியின் உறை செம்பு. மீனைப் பாதிக்காத அளவுச் செம்புகூட நத்தையையும் சாமந்தியையும் கொன்றுவிடும். என் முதல் சாமந்தியை நான் இழந்தது இப்படித்தான். இன்றே ஆர்.ஓ. தண்ணீரில் கலந்த புதுக் கடல்நீரால் கால் பங்கு மாற்றுங்கள், வடிகட்டியில் புதிய கார்பனும் செம்பை ஈர்க்கும் ரெசினும் போடுங்கள். நாளை மறுநாள் மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள்.

கீசர் தண்ணீர் இல்லை என்றால், உப்பைப் பாருங்கள். 12 டிகிரித் தண்ணீரில் மிதக்கும் ஹைட்ரோமீட்டர், உப்பை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். போதும் என்று நிறுத்திவிடுவோம், தொட்டிக்குள் போவதோ நீர்த்த கடல்நீர். பக்கெட்டில் தனி ஹீட்டர் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு அளந்தால், அடர்த்தி 1.025 என்பது சரியாக இருக்கும்.

கேள்வி: பால் வெள்ளையாக, அழகாக இருக்கிறது என்று வாங்கினேன். சாப்பிடவே மாட்டேன் என்கிறது. (கோத்தகிரி)

பதில்: அந்த வெள்ளை அழகு இல்லை, பட்டினி. சாமந்தியின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் அதற்குச் சோறு போடுகிறது. அது வெளியேறிவிட்டால் உடல் வெளுக்கும். விளக்கை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். வாரம் இருமுறை, உப்புச் சேர்க்காத இறாலைப் பட்டாணி அளவு நறுக்கிச் சாமந்தியின் விரல்கள் மேல் விடுங்கள். துப்பினால் எடுத்துவிட்டு, அடுத்த முறை இன்னும் சிறிதாகக் கொடுங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

கேள்வி: ஓர் இடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. பிடித்துப் பாறையில் வைக்கலாமா? (கூடலூர்)

பதில்: வேண்டாம். வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்காமல் இடம் தேடுகிறது. பிய்த்தால் பாதம் கிழியும், அந்தக் காயத்திலிருந்து மீள்வது கடினம். அது ஓரிடத்தில் நிற்கும் வரை, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் மோட்டாரின் வாயில் நுரைப்பஞ்சு மாட்டிவிடுங்கள். அந்த மோட்டாருக்குள் உறிஞ்சப்பட்டுச் சிதைந்துபோகும் சாமந்திகள் ஏராளம். தொட்டி வைத்து ஆறு மாதமாவது ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால், தண்ணீர் இன்னும் பக்குவப்படாததும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: மூன்று நாளாக வாய் பிளந்தபடி இருக்கிறது. காத்திருக்கலாமா, எடுத்துவிடலாமா? (ஊட்டி)

பதில்: வாயின் ஓரம் இறுகி மூட முயல்கிறதா என்று உற்றுப் பாருங்கள். உங்கள் விரலால் மெல்லத் தொட்டால் சாமந்தியின் விரல்கள் ஒட்டுகின்றனவா? பாதம் பாறையைப் பிடித்திருக்கிறதா? இதெல்லாம் இருந்தால் காத்திருங்கள். உள்ளுறுப்பு வெளியே தொங்கி, சதை கரைந்து, தொட்டி அருகே போனாலே அழுகல் நாற்றம் அடித்தால் அந்த நிமிடமே ஒரு கிண்ணத்தோடு தூக்கிவிடுங்கள். அழுகும் சாமந்தி ஒரே இரவில் அம்மோனியாவை ஏற்றிக் கோமாளி மீன்களையும் கொண்டுபோய்விடும். எடுத்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், 25 டிகிரிக்குச் சூடாக்கி.