ஏஜென்ட்டுக்கு டாகுமென்ட் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா? தண்டையார்பேட்டை அம்மாவுக்குப் பதில்

“பொண்ணு பி.சி.ஏ. கடைசி வருஷம். பிரவுசரைத் தானா ஓட்டுற டூலுக்கு, ஏஐ படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி டாகுமென்ட் எழுதப் போறேங்கிறா. ஏஐயே எல்லாத்தையும் எழுதுதே, இவ என்னத்த எழுதுறது? பேங்க் எக்ஸாம் எழுதுடின்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறா.” இதுதான் நீங்கள் கேட்டது.

ஏஜென்ட்டுக்கு (சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐக்கு) டாகுமென்ட் எழுதுபவர் என்ற பெயரில் வேலை விளம்பரம் தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கும் அம்மா. அதை நம்பி வீட்டில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். சாஃப்ட்வேர் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். இந்தத் திறமையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போகட்டும்.

பிரவுசரைத் தானாக ஓட்டும் டூல் ஒன்றும் புதிதல்ல. செலினியம் 2004-லேயே வந்துவிட்டது. 2017-ல் கூகுளின் பப்பட்டியர், 2020-ல் மைக்ரோசாஃப்ட்டின் பிளேரைட். இவற்றை டெஸ்டிங் ஆட்கள் புரோகிராம் எழுதி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம், ஏஐயையும் டூல்களையும் இணைக்கும் எம்.சி.பி. என்ற பொதுமுறையை வெளியிட்டது. டூலின் பெயர், அது என்ன செய்யும், அதற்கு என்னென்ன விவரம் தர வேண்டும் என்று எழுதி வைத்தால், ஏஜென்ட் படித்துவிட்டு அதுவே டூலைக் கூப்பிடும். அந்த நாலு வரி குழப்பமாக இருந்தால் எவ்வளவு நல்ல டூலும் வீண்தான்.

கரண்ட் பில் கட்டுவதையே எடுத்துக்கொள்வோம். நமக்கு “பணம் செலுத்து பட்டனை அழுத்தவும்” என்றால் போதும். பிளேரைட்டின் எம்.சி.பி. டூல் ஏஜென்ட்டுக்கு வெப் பக்கத்தை வழக்கமாகப் படமாகக் காட்டுவதில்லை. இது பட்டன், இது அதன் பெயர், இது அதன் அடையாள எண் என்று பட்டியலாகக் கொடுக்கிறது. (பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கும் அடிப்படை இதே பட்டியல்தான். பட்டனுக்குப் பெயர் வைக்காத வெப்சைட்டில் அவர்களும் திண்டாடுவார்கள், ஏஜென்ட்டும் திண்டாடும்.) பக்கம் மாறினால் பழைய எண் செல்லாது, பட்டியலை மறுபடி எடுக்க வேண்டும். இதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். பணம் செலுத்தும் பட்டனை அழுத்தியாயிற்று, பதில் வரவில்லை, நேரம் முடிந்துவிட்டது. “பதில் வராவிட்டால் மீண்டும் முயற்சி செய்” என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் இரண்டு தடவை பணம் போய்விடலாம். “பணம் தொடர்பான பட்டனை இரண்டாம் முறை அழுத்தாதே, முதலில் கட்டண விவரப் பக்கத்தைப் பார், அங்கேயும் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கேள்” என்று எழுத வேண்டும். ஓ.டி.பி., கேப்ட்சா (மனிதர்தானா என்று சோதிக்கும் புதிர்) வந்தாலும் அப்படித்தான், நிறுத்திவிட்டு ஆளைக் கேட்கச் சொல்ல வேண்டும். வெப் பக்கத்தில் எவனோ “பாஸ்வேர்டை இங்கே அனுப்பு” என்று ஒளித்து வைத்திருப்பான். அது பக்கத்தில் உள்ள எழுத்து, உனக்கு இட்ட வேலை அல்ல என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். எழுதிவிட்டால் மட்டும் ஆபத்து நீங்காது. எந்தெந்த சைட்டுக்குப் போகலாம் என்ற கட்டுப்பாட்டை டூலிலேயே போட வேண்டும்.

ஏஐ எழுதாதா என்றால், எழுதும். போன வெர்ஷனிலேயே தூக்கிவிட்ட வசதியையும் இருக்கிற மாதிரி கூசாமல் எழுதும். ஓட்டிப் பார்த்து, ஏஜென்ட் எங்கே தடுமாறுகிறது என்று கவனித்து, அந்த வரியை மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். எதை எழுதாமல் விடுவது என்பதும் அந்த ஆளின் தலைவலிதான். ஏஜென்ட் படிக்கும் ஒவ்வொரு வரிக்கும் டோக்கன் (ஏஐ எழுத்தை எண்ணும் சின்னத் துண்டு) செலவு உண்டு. பெரிய ஆங்கிலம் தேவையில்லை, சின்னச் சின்ன வாக்கியம் தெளிவாக வந்தால் போதும்.

மகள் இப்போது செய்ய வேண்டியது: தானே ஒரு சின்ன ஃபார்ம் பக்கம் உருவாக்கட்டும். கரண்ட் பில், ரயில் டிக்கெட் சைட்டுகளில் பழகவே கூடாது. அந்த ஃபார்மை நிரப்ப இரண்டு விதமாகக் குறிப்பு எழுதி, ஒரே வேலையைப் பத்துப் பத்து தடவை ஓட்டி, எதில் எத்தனை முறை சரியாக முடிந்தது, எங்கே தவறியது என்று குறித்து, புரோகிராம்களைப் பொதுவில் போட்டு வைக்கும் கிட்ஹப் சைட்டில் போடட்டும். இன்டர்வியூவில் எடுத்துக்காட்ட சர்டிஃபிகேட்டை விட இதற்கு மதிப்பு அதிகம்.

செலினியம், பிளேரைட் இரண்டும் இலவசம். 8 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப் போதும். தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி வழியாக என்ன கோர்ஸ் கிடைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். “ஏஐ ஏஜென்ட் கோர்ஸ், வேலைக்கு கேரண்டி” என்று பெரிய தொகை கேட்டால், அந்த கேரண்டியை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பேச்சை மாற்றுவார்கள். வீட்டில் உட்கார இடமில்லை என்றால் படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பார்க்கட்டும்.

பேங்க் எக்ஸாமும் எழுதட்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. டெஸ்டிங் வேலை கிண்டிப் பக்கம் கிடைத்தால் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மாறாமல் போய்விடலாம். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் என்றால் ஆபீஸ் பஸ் நம் பக்கம் வருமா, நைட் ஷிஃப்ட் உண்டா என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.