அப்ருட்சோ, மொலீசே, பசிலிக்காட்டா பயணத்துக்கு எந்த வழிகாட்டி நூல் பொருந்தும்?

ரோமையும் வெனிசையும் விட்டுவிட்டு, அப்ருட்சோ, மொலீசே, பசிலிக்காட்டா ஆகிய மண்டலங்களில் இரண்டு வாரம் சுற்றுவதற்கு, இத்தாலி முழுமைக்குமான ஒரே நூல் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் அனுபவம். அத்தகைய நூல்களில் 20 மண்டலங்களும் இடம்பெற்றிருக்கும் என்றாலும், பெரும்பகுதியைப் புகழ்பெற்ற நகரங்களே எடுத்துக்கொள்வதால், மொலீசேவுக்குச் சில பக்கங்களே மிஞ்சும்.

கடையில் நூலைக் கையில் எடுத்ததும், நீங்கள் போகவிருக்கும் ஊர்களில் மிகச் சிறியது எதுவோ அதைக் கடைசிப் பக்கங்களில் உள்ள பெயர் அகராதியில் தேடிப் பாருங்கள். பசிலிக்காட்டாவுக்கு நான் தேடும் பெயர் அலியானோ. பாசிச அரசு 1935இல் எழுத்தாளரும் ஓவியருமான கார்லோ லேவியை நாடு கடத்துவதுபோல் அனுப்பிவைத்த மலைக் கிராமம் அது. அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊருக்கு எப்படிப் போவது, எந்தப் பேருந்து, இரவு தங்க இடம் உண்டா என்பவற்றைச் சொல்லும் நூலை நம்பி வாங்கலாம்.

அடுத்து, பதிப்பு ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். 2014இல் நான் அப்ருட்சோவின் தலைநகரான லாக்விலாவுக்குப் போனபோது என்னிடம் இருந்தது, 2009 ஏப்ரல் 6 நிலநடுக்கத்துக்கு முன் அச்சான, பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூல். அது சொன்ன தேவாலயங்களில் பல சாரக்கட்டுக்குள் இருந்தன. வரைபடத்தில் இருந்த தெருக்களில் சில அடைக்கப்பட்டிருந்தன. அந்த நகரம் பட்ட துயரத்தைப் பற்றி ஒன்றும் அறியாமல் போய் நின்றது இன்றும் எனக்கு வருத்தம்தான். 1294இல் ஐந்தாம் செலஸ்தீன் போப்பாக முடிசூடிய, அந்நகரின் கொல்லெமாஜோ பேராலயம் 2017 டிசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பசிலிக்காட்டாவின் மத்தேராவும் அப்படியே: 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்த அந்த ஊரின் விடுதிகளையும் கட்டணங்களையும் அதற்கு முந்தைய நூலைக் கொண்டு கணக்கிட முடியாது.

கார் எடுக்கப் போவதில்லை என்றால் இன்னும் கவனம் தேவை. தேசிய ரயில் பாதை மத்தேராவை எட்டவில்லை. பக்கத்து மண்டலமான புலியாவின் பாரி நகரிலிருந்து தனியான குறுகிய பாதை ரயிலில் போக வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லாத நூலை எழுதியவர் காரில் மட்டுமே பயணம் செய்திருப்பார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பெயர் சொல்வதானால், ஆங்கிலத்தில் அப்ருட்சோவுக்கென்றே பிராட் பதிப்பகம் தனி நூல் வெளியிட்டுள்ளது. முதலில் அதைப் பாருங்கள். இத்தாலியம் கொஞ்சம் வாசிக்க முடிந்தால், 1894இல் தொடங்கப்பட்ட டூரிங் கிளப் இத்தாலியானோ என்ற சுற்றுலாச் சங்கம் 1914 முதல் வெளியிட்டுவரும் சிவப்பு அட்டை வழிகாட்டிகளுக்கு ஈடு இல்லை. சிற்றூர்த் தேவாலயத்தின் பலிபீட ஓவியத்தைக்கூட யார் வரைந்தார் என்று சொல்லும். ஆனால் உணவுக்கு அதை நம்ப வேண்டாம். உள்ளூர் மரபு உணவைப் போற்றும் ஸ்லோ ஃபுட் இயக்கம் ஆண்டுதோறும் வெளியிடும் உணவக நூலை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இத்தாலியத்தில்தான் இருக்கிறது. எனினும் முகவரி, விடுமுறை நாள், உணவுப் பெயர்கள் ஆகியவற்றை அகராதித் துணையோடு புரிந்துகொள்ளலாம். நீங்கள் சைவம் என்றால், மத்தேராவில் பருப்பு வகைகளும் தானியங்களும் சேர்த்துச் சமைக்கும் கிராப்பியாத்தா எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை அதில் தேடிக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.