அம்மை போட்டால் முதலில் தேதியைக் குறித்து வையுங்கள்

சின்னம்மை பற்றி வந்த கேள்விகளில் ஏறக்குறைய எல்லோருமே கொப்புளம் எத்தனை, எவ்வளவு பெரிசு என்று எழுதியிருக்கிறார்கள். முதல் கொப்புளம் என்றைக்கு வந்தது என்று எழுதியவர்கள் குறைவு. எனக்கு முதலில் வேண்டியது அந்தத் தேதிதான். மருந்து கொடுக்கலாமா, யாருக்கெல்லாம் தொற்றியிருக்கும், பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம் என்று எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் நாள் எண்ண வேண்டும்.

மகனுக்கு ஆறு வயது. நேற்றிரவு சட்டையைக் கழற்றும்போது முதுகில் நாலைந்து சிவப்புப் புள்ளி இருந்தது. காலையில் முகம், தலை எல்லாம் வந்துவிட்டது. லேசான காய்ச்சல். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? எந்த மருத்துவரைப் பார்ப்பது?

ஓட வேண்டாம், முதலில் போன் செய்யுங்கள். அவனை வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரோ குடும்ப மருத்துவரோ போதும்; தோல் மருத்துவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று படம் எடுத்து அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் சின்னம்மையை அடையாளம் காண்பது எளிது. உள்ளங்கை அகல இடத்துக்குள்ளேயே ஒரு சிவப்புத் தடிப்பு, பக்கத்தில் பனித்துளி மாதிரி நீர் கோத்த கொப்புளம், அதை ஒட்டி ஒரு காய்ந்த பொருக்கு என்று மூன்றும் சேர்ந்து இருக்கும். ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது.

போன் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது காற்றிலேயே பரவுகிற நோய். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, அம்மை போட்ட ஒரு சிறுவன் காத்திருப்பு அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எதிர் வரிசையில் ஒரு கர்ப்பிணி. சிறுவனின் அம்மா, வரிசையில் நின்று பெயர் கொடுக்கும்போது 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் மேல் தவறில்லை, நாங்கள் யாருமே கேட்கவில்லை. அன்று மாலை முழுக்கப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அறையில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே உள்ளே அழைத்திருப்போம்.

ஆரோக்கியமான சின்னப் பிள்ளைகளுக்கு வைரஸ் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடங்கும். ஆனால் அவனுக்கு நாள்பட்ட தோல் நோயோ நுரையீரல் தொல்லையோ இருந்தால், ஸ்டீராய்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், புற்றுநோய் சிகிச்சையில் இருந்தால், போனில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கணவருக்கு 38 வயது. இன்று காலை கொப்புளம் வந்தது. "பிள்ளைகளுக்கு வருவதுதானே, தானாகப் போய்விடும்" என்கிறார்.

இன்றைக்கே மருத்துவரிடம் பேச வையுங்கள், நாளைக்கு வேண்டாம். பெரியவர்களுக்கு இது கடுமையாக வரும், நுரையீரலில் இறங்குவதும் அவர்களுக்குத்தான் அதிகம். புகைப்பவர் என்றால் இன்னும் கவலை. அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து மாத்திரை, கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். வைரஸ் பெருகி முடித்த பிறகு கொடுத்துப் பெரிய பலன் இல்லை. அளவு அதிகம், நாளுக்கு நான்கைந்து வேளை, ஐந்து முதல் ஏழு நாள் வரை போகும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அதனால் கடையில் தானாக வாங்கிப் போட வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். கொப்புளத்தில் சீழ் வைத்தால் மட்டுமே அதற்கு வேலை.

நான் 14 வாரக் கர்ப்பிணி. சனிக்கிழமை முழுவதும் அக்கா வீட்டில் இருந்தேன். ஞாயிறு இரவு அக்கா மகளுக்குக் கொப்புளம் வந்துவிட்டது. நான் இருந்தபோது ஒன்றுமே இல்லையே, பயமில்லைதானே? சின்ன வயதில் எனக்கு வந்ததா என்று அம்மாவுக்கே நினைவில்லை.

கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். ஆகவே உங்கள் சனிக்கிழமை கணக்கில் வரும். உங்கள் மகப்பேறு மருத்துவரை இன்றே கூப்பிட்டு, எத்தனை வாரம், என்றைக்கு, எவ்வளவு நேரம் கூட இருந்தீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நினைவில் இல்லாதவர்களிலும் பலருக்கு அது இருக்கும், அப்படியானால் நிம்மதியாக இருக்கலாம். இல்லை என்று வந்தால், எதிர்ப்புச் சக்தியை நேரடியாக உடலில் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் ஊசியோ வைரஸ் மருந்தோ தரலாம். அந்த ஊசியைத் தொடர்பு ஏற்பட்ட 10 நாளுக்குள் போட வேண்டும். எல்லா இடத்திலும் கைவசம் இருக்காது, வரவழைக்க நேரம் பிடிக்கும். அதனால்தான் இன்றே என்கிறேன். சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனது, கர்ப்ப காலத்தில் போடக் கூடாது.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். முதல் இருபது வாரத்துக்குள் தாய்க்கு அம்மையே வந்துவிட்டாலும், குழந்தையைப் பாதிப்பது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், போனை எடுங்கள். பொதுவாகத் தொற்றிய 10 முதல் 21 நாளுக்குள் கொப்புளம் வரும். அந்த நாட்களில் ஒரே ஒரு கொப்புளம் வந்தாலும் உடனே அழைக்க வேண்டும்.

இரவில் அரிப்பு தாங்காமல் மகள் சொறிந்துகொண்டே இருக்கிறாள். குளிக்க வைக்கலாமா? காய்ச்சலுக்கு எந்த மாத்திரை?

தாராளமாகக் குளிக்கலாம். வெதுவெதுப்பும் இல்லாத, சில்லென்றும் இல்லாத தண்ணீர். துவட்டும்போது தேய்க்கக் கூடாது. மெல்லிய துண்டைப் போர்த்தி மேலே கையால் ஒற்றி எடுங்கள். ஈரம் காய்ந்த பிறகு காலமைன் லோஷனைப் பஞ்சில் தொட்டுக் கொப்புளத்தின் மேல் வையுங்கள். கண்ணருகில், வாய்க்குள் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டி, தூங்கும்போது கைக்குப் பருத்தி சாக்ஸ் மாட்டிவிடுங்கள். முதல் நாள் பிடுங்கிப் போடுவாள், இரண்டாம் நாள் பழகிவிடுவாள். தூக்கமே கெட்டால் அரிப்புக்கான மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். தழும்பு விழுவது பெரும்பாலும் சொறிவதாலும் சீழ் பிடிப்பதாலும்தான். பொருக்கைத் தானாக உதிர விடுங்கள்.

காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அம்மை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரலாம். இபுபுரூஃபனும் வேண்டாம். தோலில் கடுமையான பாக்டீரியா தொற்று வருவதோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

மூத்தவனுக்கு அம்மை. இளையவளுக்கு வராமல் இருக்க இப்போது தடுப்பூசி போட்டால் பயன் உண்டா?

உண்டு. தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள் போட்டால் நல்லது, ஐந்து நாள் வரை பயன் இருக்கும். ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். தன் மகன் அம்மையில் பட்ட அவதியைக் கண்ட மிச்சியாக்கி தாகஹாஷி என்ற ஜப்பானிய மருத்துவர் 1974-இல் உருவாக்கிய தடுப்பூசி இது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். பொருக்கு முழுதும் உதிரக் காத்திருக்க வேண்டாம்.

அப்பாவுக்கு இடுப்பில் அக்கி. பேத்திக்கு அம்மை வருமா?

வரலாம். சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தூங்கிக் கிடந்து பிறகு அக்கியாக எழுகிறது. கொப்புள நீர் பட்டால், இதுவரை அம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை வரும். துணியால் மூடி வைத்து, காயும் வரை தூக்கிக் கொஞ்ச வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை தொலைவு. இரவில் எதற்குக் கட்டாயம் கிளம்ப வேண்டும்?

மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் முழிக்காத மயக்கம், கழுத்து விறைப்பு, நடக்கும்போது தள்ளாட்டம், வலிப்பு, விடாத வாந்தி, கொப்புளத்துக்குள் ரத்தம், கண்ணுக்குள் கொப்புளம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாகி, தொட்டாலே அலறும் அளவுக்கு வலித்து, மணிக்கு மணி பரவினாலும் அப்படித்தான். பேனாவால் அந்தச் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் கிளம்பிவிடுங்கள். காய்ச்சல் நான்கு நாளுக்கு மேல் நீடித்தாலோ, விட்டுத் திரும்ப வந்தாலோ மறுநாள் காலையில் பார்த்துவிட வேண்டும்.

வண்டியில் ஏறும்போதே அவசரப் பிரிவுக்குப் போன் செய்து "அம்மை போட்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறோம், எந்த வழியாக உள்ளே வர வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் கொப்புளம் வந்த தேதியையும் கொடுத்த மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில், பதற்றத்தில், எதுவும் நினைவுக்கு வராது.